பின்னங்காலில் ஒன்றேகால் அங்குலம்

“அமுக்காதீங்கன்னு சொல்றேன்ல. கையை எடுங்க!”

மனைவி போட்ட சத்தம் அடுத்த கடை வரைக்கும் கேட்டது. தையல்கார மாஸ்டர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ரத்தம் வருகிறது. அமுக்கினால் நாய் ஊளையிடுகிறது. துணி வெட்டும் மேசைமேல் அதைச் சாய்த்துப் போட்டு, இடது முழங்கையால் கழுத்தை வளைத்துக்கொண்டு, வலது கையில் ஒரு பிட்டுத் துணியால் அதன் பின்னங்காலைப் பொத்திக்கொண்டிருந்தார். அது மூன்றாவது பிட்டு. முதல் இரண்டும் சிவந்து தரையில் கிடந்தன. மேசையின் மறுகோடியில் தபால் ஆபீஸ்காரரின் சாம்பல் நிறப் பேன்ட், இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்கித் தைப்பதற்காகப் பிரித்துப் போட்டிருந்தது. அதன்மேல் நான்கு சொட்டு.

“நக்கி நக்கிப் புண்ணாக்கிட்டான். நீ பார்க்கக் கூடாதா?”

“நான் பார்த்தேன். மூணு வாரமாப் பார்க்கறேன், மூணு வாரமாச் சொல்றேன். நீங்கதான் காதுக்கு ஜிப்பு வச்சுத் தச்சுக்கிட்டீங்க.”

“போன வெள்ளிக்கிழமை கூட அளந்தேனே. மூணு இன்ச். அதுக்கு முந்தின வாரமும் மூணுதான்.”

“வெள்ளம் தலைக்கு மேல போகுது. இவர் சாணா முழமான்னு அளந்துட்டு இருக்காரு.”

அடுத்த கடைச் சாவிக்காரர் பித்தளைத் தூள் ஒட்டிய விரல்களோடு வந்து வாசலில் நின்றார். ஒரு பார்வை பார்த்தார். வழக்கமாக இந்த இருவர் சண்டைக்கு நடுவில் ஏதாவது கேலி சொல்லி எண்ணெய் ஊற்றுகிறவர், இப்போது நேராக மேசைக்கு வந்தார்.

“தூக்குங்க மாஸ்டர். நாலு தெருதானே? நடந்தே போயிடலாம்.”

நாலு தெருதான். அதுதான் மாஸ்டருக்கு வழி முழுக்க நெஞ்சில் உறுத்தியது. பாத்திரக் கடைத் தெரு, பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பிறகு அந்த மாடிப்படி வைத்த மஞ்சள் கட்டடம். நூல் கண்டு வாங்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவார். வாசலில் நாய் படம் போட்ட கால்நடை டாக்டர் பலகை. கட்டி வந்த இந்த நாலரை மாதத்தில் எத்தனை தடவை தாண்டியிருப்பார் என்று கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. நாய் பதினாலு கிலோ. அவர் மார்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தது. வழியில் ஒருவர் “பட்டனுக்கு என்னாச்சு?” என்று கேட்டார். மனைவி, “அவரையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பத்தோரு வருஷமாகக் கழுத்தில் டேப். குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுவார். தலை துவட்டியதும் எடுத்துப் போட்டுக்கொள்வார். கல்யாணத்தன்றுகூட உள்சட்டைக்குள் போட்டிருந்தார் என்று மனைவி ஊரெல்லாம் சொல்வாள். அது பொய். ஆனால் அவர் மறுத்ததில்லை. அவர் வெட்டிய துணி வீணானதில்லை. “ஆள் பொய் சொல்வான், கண்ணாடி பொய் சொல்லும், டேப் சொல்லாது” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

டேப்தான் சொல்லாது. அவர் சொல்வார். இடுப்பு பெருத்து வருகிறவர்களிடம், “அதே அளவுதாங்க, மாறவே இல்லை” என்று முகம் மாறாமல் சொல்லுவார். அளவுப் புத்தகத்தில் உண்மையான எண்ணை எழுதி அதன்படி வெட்டுவார். போட்டுப் பார்க்கிறவர்கள் மனைவிமார் பக்கம் திரும்பி, “பார்த்தியா, நான் ஏறவே இல்லை” என்பார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். நாற்பத்தோரு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை மட்டும் அப்படி நினைக்கப் பாடுபட வேண்டியிருந்தது. அவருடைய அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். அறுபது வயதில் பேன்ட் தொளதொளக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டர் பிடித்துக் கொடுத்தார். மூன்று மாதத்தில் மறுபடி. மறுபடி பிடித்துக் கொடுத்தார். “அச்சகத்துல நடை ஜாஸ்தி, உடம்பு இறங்குது” என்றார் அப்பா, சந்தோஷமாக. நான்காவது தடவை பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி வந்துவிட்டன. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பேன்ட் எப்போதும் கச்சிதமாகவே இருந்தது. ஏழு அங்குலம் போனது தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஐந்தாவது தடவை தைக்க அப்பா இருக்கவில்லை.

நாய் பட்டன் இந்தக் கடைக்கு வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில். குட்டி. ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் வட்டமாகக் கறுப்பு, நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளி. மிஷினுக்கு அடியில் புகுந்து அவருடைய இடது பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. அதன்பிறகு அந்தப் பாதம் அதற்குச் சொந்தமாகிவிட்டது. வலது காலால் மட்டும் பெடல் போடக் கற்றுக்கொண்டார். பிறகு ஒருநாள் எல்லாரும் சொல்கிறார்களே என்று மிஷினுக்கு மோட்டார் வைத்தார். அந்தச் சத்தத்துக்கு நாய் எழுந்து சாவிக் கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் மோட்டாரைக் கழற்றிவிட்டார். “என்ன மாஸ்டர், முதலாளி மோட்டார் வேணாம்னுட்டாரா?” என்று சாவிக்காரர் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலரை மாதத்துக்கு முன்னால், நாயின் மயிரில் ஒட்டிய நூல் பிசிறுகளைப் பிடுங்கும்போதுதான் விரலில் பட்டது. இடது பின்னங்காலின் வெளிப்பக்கம், குதிகால் மூட்டுக்குக் கொஞ்சம் மேலே. தோலுக்கு அடியில் ஒரு சட்டைப் பட்டனை வைத்துத் தைத்த மாதிரி. வலி இல்லை. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடுவோமே” என்றாள் மனைவி, அன்றைக்கே.

“இதெல்லாம் கொழுப்பு. வயித்துல ஒண்ணு இருக்கே, அஞ்சு வருஷமா. அன்னிக்குத் தடுப்பூசி போட வந்த டாக்டர் என்ன சொன்னார்? கொழுப்புக் கட்டி, விட்டுடுங்கன்னார். விட்டோம். என்ன ஆச்சு?”

“அது வயித்துல. இது கால்ல.”

“எங்க இருந்தா என்ன? அளந்து வைக்கிறேன். பெருசானாப் பார்ப்போம்.”

டேப்பை வைத்துச் சுற்றளவு எடுத்தார். ஒன்றேகால் அங்குலம். அளவுப் புத்தகத்தில் வாடிக்கைக்காரர்களுக்கு நடுவில் நாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதினார். வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்ததும் முதல் வேலை அது. அடுத்த வாரம் ஒன்றரை. அதற்கடுத்த வாரம் ஒன்றேகால். “பார்த்தியா? சுருங்குது!” என்று மனைவியிடம் எண்ணைக் காட்டினார். பிறகு ஒன்றேமுக்கால். பிறகு ஒன்றரை. ஏறி ஏறி இறங்கியது. ஏறும்போது பயந்தார், இறங்கும்போது பயந்ததற்காகத் தன்னையே கேலி செய்துகொண்டார். தண்ணீரில் போட்ட துணி சுருங்குவதும் இழுத்தால் நீள்வதும் அவருக்குத் தெரியாததா?

பதினோராவது வாரம் டேப் இரண்டேமுக்கால் காட்டியது. மனைவி பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, “எவ்வளவு?” என்றாள். அவர் டேப்பைக் கொஞ்சம் இறுக்கினார். கட்டி மெத்தென்று அமுங்கியது. இரண்டேகால். “அதே அளவுதான்” என்றார். எழுதினார். அன்றைக்கு முதல்முறையாகப் புத்தகத்திலும் பொய் ஏறியது.

மாடிப்படி ஏறியதும் ஒரு நீளமான பெஞ்சு. பூனைக் கூடையோடு ஒரு கிழவர், கிளிக் கூண்டோடு ஒரு தாயும் மகளும். ரத்தத்தைப் பார்த்து அவர்கள் வழி விட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வெள்ளைக் கோட்டு. அந்த நிலைமையிலும் மாஸ்டர் கண் முதலில் பார்த்தது, கோட்டின் தோள் ஓரங்குலம் இறங்கி இருந்ததைத்தான். அவள் நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அதனிடம் ஏதோ பேசினாள். பிறகு பஞ்சை வைத்துக் கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்தினாள். மயிரை மழித்தாள். மழித்த பிறகு பார்த்தபோது மாஸ்டருக்கே அது யாருடைய காலோ போலத் தெரிந்தது. சிவப்பாக, வழுவழுப்பாக, நடுவில் வெடித்து, சுற்றிலும் தோல் கன்றிப்போய்.

“முதல்ல எப்பப் பார்த்தீங்க, ஐயா?”

அவர் சட்டைக்குள்ளிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்தார். நாயைத் தூக்குவதற்கு முன்னால் அதைத்தான் எடுத்துச் செருகியிருந்தார். சரியான பக்கத்தைத் திறந்து நீட்டினார். பத்தொன்பது வாரம், பத்தொன்பது தேதி, பத்தொன்பது அளவு.

டாக்டர் விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள். அப்புறம் மறுபடி மேலிருந்து.

“இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிட்டு வந்ததில்லை.”

அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

“சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறானா?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை” என்றாள் மனைவி. “குப்பையில வாய் வச்சிருப்பான்னு நினைச்சோம்.”

“வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?”

மனைவி புருஷனைப் பார்த்தாள். காலையில் நாயைக் கூட்டிப் போவது அவர்தான்.

“இருக்கு” என்றார்.

டாக்டர் மெல்லிய ஊசியைக் கட்டியில் செருகி உறிஞ்சினாள். முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்துத் தேடி, அங்கேயும் ஒரு தடவை குத்தி எடுத்தாள். கண்ணாடித் துண்டுகளில் தட்டி, மூன்று சாயக் குப்பிகளில் மாற்றி மாற்றி முக்கி, காயவைத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது நிமிஷம். சாவிக்காரர் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார். மனைவி நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். கிளி “யாரு, யாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். மாஸ்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். டப்பா கவிழ்ந்து கொட்டிய குண்டூசித் தலைகள் மாதிரி, ஊதாப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில்.

“இந்தப் புள்ளிகள் நிறைஞ்ச செல்தான் இதோட அடையாளம். இது கொழுப்பு இல்லைங்க, புற்று. தோல்ல வர்ற ஒரு வகை. இதுக்குள்ள இருக்கற மருந்து மாதிரிப் பொருள் அப்பப்ப வெளியில கொட்டும். கொட்டினா வீங்கும், அரிக்கும், அதனாலதான் நக்கறான். வயித்தையும் அது புண்ணாக்கும். அப்புறம் வீக்கம் வடிஞ்சுடும். ஏறி ஏறி இறங்கறதுதான் இதோட குணம்.” டாக்டர் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேகால். “இந்த மூணு எண்ணை மட்டும் கொண்டுவந்து காட்டியிருந்தாக் கூட, அன்னிக்கே ஊசி போட்டுப் பார்த்திருப்பேன்.”

“சுருங்கினா நல்லதுன்னு...”

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அளந்து வச்சது தப்பே இல்லை. ஆனா வாராவாரம் அமுக்கறதால கூட இது வீங்கும்.”

மனைவி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பதினோராவது வாரத்துல இருந்து முக்கால் இன்ச்தானே ஏறியிருக்கு. அப்புறம் இவ்வளவு பெருசு எப்படி?”

டாக்டர் ஒரு சின்ன உலோக அளவுகோலை வைத்து அளந்தாள். குறுக்கே மூன்றரை சென்டிமீட்டர். சுற்றளவு அவர் கணக்கில் நாலேகால் அங்குலம். புத்தகத்தில் போன வெள்ளிக்கிழமை மூன்று.

“டேப்பை இறுக்கினேன்” என்றார் மாஸ்டர்.

“என்னது?”

“இறுக்கிப் பிடிச்சு அளந்தேன். பதினோராவது வாரத்துல இருந்து.”

மனைவி அந்த எண்களின்மேல் விரலை ஓட்டினாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“யாரை ஏமாத்தறதுக்கு?” என்று கேட்டாள், சத்தமே இல்லாமல்.

டாக்டர் இடையில் புகுந்தாள். முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற நெறி, அதாவது நிணநீர் முடிச்சு, கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அதிலும் சில செல்கள் தெரிகின்றன, பரவியதாகவும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், லேபுக்கு அனுப்பித்தான் தெரியும் என்றாள். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை.

“வெட்டி எடுத்துடுங்க டாக்டரம்மா. இப்பவே. நான் பிடிச்சுக்கறேன்” என்றார் மாஸ்டர்.

“கட்டியை மட்டும் எடுத்தாப் போதாதுங்க. அதோட வேர் கண்ணுக்குத் தெரியாமச் சுத்திலும் போயிருக்கும். நல்ல தோலையும் சேர்த்துச் சுத்தி எடுக்கணும்.”

“தையலுக்குத் துணி விடற மாதிரி.”

“அதே மாதிரிதான்.”

அவள் நீல மார்க்கர் பேனாவை எடுத்து, கட்டியைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் தள்ளி வட்டம் போட்டாள். பேனா காலின் முன்பக்கம் வளைந்து போனது, பின்பக்கமும் வளைந்து போனது. வட்டத்தின் இரண்டு ஓரங்களும் காலின் உட்பக்கத்தில் கிட்டத்தட்ட வந்து பார்த்துக்கொண்டன.

மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். காலைச் சுற்றி ஐந்து அங்குலம். வட்டம் மூன்றேமுக்காலைத் தின்றுவிட்டது. மீதி நல்ல தோல் ஒன்றேகால் அங்குலம். துணி பத்தாது.

ஆனாலும் கேட்டார். நாயின் விலாவைப் பிடித்து இழுத்துக் காட்டினார். “இங்க பாருங்க, எவ்வளவு தோல் தொளதொளன்னு. இதுல ஒரு ஒட்டு எடுத்து இங்க வச்சா? நான் கோட்டுக்கு வச்சிருக்கேன். ஒட்டு தெரியாது.”

“மேல மூடிடலாம். அடியில? கட்டிக்குக் கீழயும் அதே ஆழத்துக்குப் போகணும். இந்த இடத்துல சதையே இல்லை. எலும்பும் நரம்பும்தான்.”

“குறுக்கி வெட்டினா? ஒரு சென்டிமீட்டர்?”

“மறுபடி வரும். சீக்கிரமா வரும்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“கால் முழுசையும் எடுக்கணும். இடுப்புக்கிட்ட. அந்த நெறியும் அதோட போயிடும். அதுக்கும் மேல ஏறியிருந்தா மருந்துதான். எடுக்கலைன்னா...” அவள் நாயைப் பார்த்தாள். “இந்தப் புண் மறுபடி உடைஞ்சு ரத்தம் வரும். மாத்திரையில கொஞ்ச நாள் தள்ளலாம். வாரக் கணக்கு. மாசம்னு சொல்ல மாட்டேன்.”

மாஸ்டர் டேப்பை விரலில் சுற்றினார். பிரித்தார். சுற்றினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒன்றேகால் இன்ச் இருந்தப்ப வந்திருந்தா, துணி போதுமா இருந்திருக்குமா?”

டாக்டர் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். அவருடைய தொழிலில் இருந்திருந்தால் அவள் சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். இப்பவும் அப்பவும் ஒண்ணுதாங்க, மாறவே இல்லை.

“போதும். பக்கத்துத் தோலை நகர்த்தி மூடியிருக்கலாம். பத்து நாள்ல தையல் பிரிச்சிருப்போம்.”

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து வந்தது நாயின் தலையில் விழுந்தது. நாய் காதை உதறிக்கொண்டது.

“எப்பதான் வரணும் டாக்டரம்மா? எங்களுக்கு எப்படித் தெரியும்? வயித்துல இருக்கறது ஒண்ணுமில்லைன்னாங்களே” என்றார்.

“வயித்துல இருக்கறது ஒண்ணுமில்லைதான். இப்பவும் அது கொழுப்புதான். நிறையக் கட்டி அப்படித்தான் இருக்கும். ஆனா எது கொழுப்பு, எது இதுன்னு கைக்குத் தெரியாது. என் கைக்கும் தெரியாது, அதனாலதான் ஊசி. புதுசா ஒரு கட்டி விரல்ல பட்டா வந்து காட்டிடணும். ஒரு பட்டாணி அளவுக்கு வந்துட்டாலோ, ஒரு மாசம் ஆகியும் போகலைன்னாலோ கட்டாயம் வரணும். வளர்ந்தா, நிறம் மாறினா, நக்கினா, ரத்தம் வந்தா அன்னிக்கே.” ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “அதெல்லாம் இனிமேலுக்கு. இப்ப இவனுக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க.”

படிவத்தை நீட்டினாள். அவர் வாங்கினார். பேனாவை வாங்கவில்லை.

“என்னால முடியாது. இவன் கால்... நான் இவனைத் தூங்க வச்சுட்டு, இவன் காலை...” திரும்பி மனைவியைப் பார்த்தார். “நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அது.”

“இத்தனை நாள் என்னைக் கேட்டா அளந்தீங்க?”

சாவிக்காரர் தொண்டையைக் கனைத்தார். கதவருகே நின்றபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மாஸ்டர், நாலு கால் நாற்காலிதான் மேடு பள்ளத்துல ஆடும். முக்காலியை எங்க வேணா போடுங்க. ஆடவே ஆடாது.”

மனைவி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு புருஷன் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கி, டாக்டரின் பேனாவை வாங்கி, மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அவர் முன்னால் நகர்த்தினாள்.

“நீங்களும் போடுங்க. அப்புறம் நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லக் கூடாது.”

அவர் போட்டார். கையெழுத்துக் கோணிக்கொண்டது. நாற்பத்தோரு வருஷத்தில் அவர் போட்ட கோடு எதுவும் கோணியதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாயை மஞ்சள் கட்டடத்தில் ஒப்படைத்தார்கள். வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அப்படியே கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவை மூடிவிட்டார்கள்.

ஒன்பதரைக்குக் கடை திறந்தார். மேசையை மனைவி சோப்புப் போட்டுக் கழுவினாள். மாஸ்டர் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்தார். இடது கையை வலது பக்கம் வைத்துவிட்டுப் பிரித்தார். மறுபடி வைத்தார்.

பதினோரு மணிக்குத் தபால் ஆபீஸ்காரர் வந்தார். பேன்ட்டில் கறை பட்டதற்கு மாஸ்டர் மன்னிப்புக் கேட்டார். கறை போகும் என்றார். பரவாயில்லை, இடுப்பைப் பிடிச்சாச்சா என்று கேட்டார் தபால் ஆபீஸ்காரர். பிடிக்கவில்லை என்றார் மாஸ்டர். புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஆறு மாதத்தில் நாலு அங்குலம் போயிருக்கிறது, இது மூன்றாவது தடவை, நான் பிடித்துத் தர மாட்டேன், முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். தினமும் நடக்கிறேன், உடம்பு இறங்கினால் உங்களுக்கென்ன என்று தபால் ஆபீஸ்காரர் கோபப்பட்டார். பிரித்த பேன்ட்டை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியிலுள்ள கடைக்குப் போனார். பின்னாலேயே மனைவி போய் அவரிடம் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று மாஸ்டர் கேட்கவில்லை.

இரண்டரைக்கு டாக்டர் போனில் பேசினாள். காலை எடுத்தாகிவிட்டது, நாய் விழித்துவிட்டது என்றாள். கட்டியும் நெறியும் லேபுக்குப் போயிருக்கின்றன. முடிவு வர ஏழு நாள் ஆகும்.

ஐந்து மணிக்குச் சாவிக்காரரோடு மூவரும் போய்ப் பார்த்தார்கள். கம்பிக் கதவுக்குப் பின்னால், ஒரு போர்வையில், தையல் மேலே தெரிகிற மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தது. தையல் நெருக்கமாக, சீராக இருந்தது. கழுத்தில் புனல் போல ஒன்று கட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டர் செருப்பைக் கழற்றி, கதவைத் திறக்கச் சொல்லி, இடது பாதத்தை உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நாய் நகரவில்லை. மருந்து மயக்கம் தீர இன்னும் நேரமாகும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள்.

ஆறரைக்குத் திரும்பி வந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அளவுப் புத்தகத்தில் அந்த வாரத்துக்கு எதுவும் எழுதவில்லை. ஏழு மணிக்குக் கடையைச் சாத்தினார்கள்.